குன்னூரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: 54 மணி நேரத்தில் எது வருகிறது, எது வருவதில்லை

பன்னிரண்டு வாரம். திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணி முதல் ஏழரை வரை. மொத்தம் 54 மணி நேரம். கட்டணம் 4,800 ரூபாய், பாடக் கையேட்டுக்குத் தனியாக 300. ஒரு பேட்சில் 14 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு கடை மாடியில் ஒரே அறை, ஒரே ஆசிரியை. முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று ஃப்ளெக்ஸ் கட்டாமல் எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு முழு பேட்சின் பாடத்திட்டம், கையேடு, பயிற்சி முறை, கடைசி வாரத்தில் மாணவர்கள் பேசும் விதம் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்ட விமர்சனம் இது.

டாக்ஸி ஓட்டுபவர்கள், காட்டேஜ் ரிசப்ஷனில் நிற்பவர்கள், நர்ஸிங் முடித்த பெண்கள், தேயிலை ஃபேக்டரி சூப்பர்வைசர்கள், பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டு வீட்டுப்பாடம் சொல்லித்தர வழி தெரியாமல் தவிக்கும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். இவர்கள் யாருக்கும் ஆங்கிலச் சொல் புதிதில்லை. எஸ்டேட், ஃபேக்டரி, டிவிஷன், லைன், டஸ்ட், கிரேடு, சீசன், வியூ பாயின்ட் என்று நீலகிரிப் பேச்சில் அவை எப்போதோ கலந்துவிட்டன. வராமல் இருப்பவை சொற்களின் வால்களும் நடுவில் வரும் குட்டிச் சொற்களும்தான்: கடைசி எஸ், கடைசி ஈடி, தி, ஹேஸ், டிட், அட். ஒரு வகுப்பில் பணம் கட்டலாமா என்று முடிவு செய்ய, இந்த இரண்டையும் அங்கே எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்தாலே போதும். இந்த வகுப்பு வால்களை மிக நன்றாகக் கையாளுகிறது. குட்டிச் சொற்களில் பாதி தேறுகிறது. காதுப் பயிற்சியில் சறுக்குகிறது.

முதல் வாரத்தில் இலக்கணமே கிடையாது, சொல்லின் கடைசி ஒலி மட்டும்தான். அதற்கான காரணம் தமிழிலேயே இருக்கிறது. வல்லின மெய் நம் மொழியில் சொல்லின் கடைசியில் நிற்காது. பின்னால் ஒரு குற்றியலுகரம் வந்து ஒட்டிக்கொள்ளும்: பாக்கு, காடு, உப்பு. அதே பழக்கத்தில்தான் 'புக்' நம் வாயில் 'புக்கு' ஆகிறது, 'பஸ்' 'பஸ்ஸு' ஆகிறது, 'கேட்' 'கேட்டு' ஆகிறது. தமிழுக்குள் பேசும்போது இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆங்கிலம் காலத்தையும் பன்மையையும் சொல்லின் கடைசி ஒலியில்தான் வைத்திருக்கிறது. 'வொர்க்', 'வொர்க்ஸ்', 'வொர்க்ட்' மூன்றும் 'வொர்க்கு' என்று ஒன்றுபோலவே வந்து விழுந்தால், எத்தனை கால அட்டவணையை மனப்பாடம் செய்தாலும் கேட்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

பயிற்சி எளிமையானது. 'கப்' என்று சொல்லிவிட்டு உதடுகளை மூடியபடியே ஒரு நொடி நிறுத்த வேண்டும். உதடு திறந்தால் அது 'கப்பு'. அடுத்து 'ஹாட்', நாக்கு நுனி அண்ணத்தில் ஒட்டியபடி ஒரு நொடி. அடுத்து 'பேக்', தொண்டைக்குள் காற்றை அடைத்தபடி ஒரு நொடி. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் சொல்லும்போது மற்றவர் அவர் உதட்டையே பார்க்கிறார். நாளுக்கு 20 சொல், பத்து நிமிடம். மூன்றாம் நாள் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்க்கிறார்கள்: 'பிக் அப்' என்பது 'பிக்கப்', 'டர்ன் ஆஃப்' என்பது 'டர்னாஃப்', 'கெட் இன்' என்பது 'கெட்டின்'. மெய்யின் மேல் உயிர் ஏறுவது நமக்குப் பள்ளியில் படித்த புணர்ச்சிதான். அதனால் மெய்யில் நிறுத்தத் தடுமாறுபவர்களுக்குக்கூட இது சட்டென்று பிடிபடுகிறது. ஆங்கிலேயர் பேச்சு ஒரே சொல்லாக ஓடுவதுபோல் நமக்குக் கேட்பதற்கும் இதுவே பாதிக் காரணம்.

இரண்டாம் வாரம் ஈடி வால். அது மூன்று விதமாக ஒலிக்கும். 'வாஷ்', 'குக்', 'ஹெல்ப்' போலத் தொண்டை அதிராமல் முடியும் சொற்களில் காற்றாக ஒரு 'ட்'. 'கால்', 'க்ளீன்', 'ஓப்பன்' போல அதிர்ந்து முடிந்தால், வாலும் அதிர்ந்தே வரும். 'வெயிட்', 'நீட்' போலச் சொல்லே அந்த ஒலியில் முடிந்தால் மட்டும் புதிதாக ஓர் அசை கூடும்: 'வெயிட்டெட்', 'நீடெட்'. கழுத்தில் இரண்டு விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியை. எழுத்தைப் பார்த்துப் படித்துப் பழகியவர்கள் 'குக்கெட்', 'வாஷ்ஷெட்' என்று எல்லாவற்றுக்கும் அசை சேர்ப்பார்கள். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு எழுத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கொடுக்கிறார். சரியான வைத்தியம்.

இவ்வளவு நல்ல தொடக்கத்தைக் கையேடு கெடுக்கிறது. 96 பக்கத்திலும் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு அச்சிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் தெம்பு கொடுக்கும் என்று நினைத்திருப்பார்கள், மூன்றாம் வாரத்துக்குள் அதுவே காலைக் கட்டிவிடுகிறது. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாகவே அதிர்ந்து ஒலிக்கும்: பந்து, நண்டு, கம்பு. அதே வாயால் 'சென்டர்' என்று படித்தால் மையம் என்ற சொல் அனுப்புபவர் என்ற சொல்லாகிவிடுகிறது. கூடாரத்தைக் குறிக்கும் 'டென்ட்', கவனித்துப் பராமரிப்பதைக் குறிக்கும் சொல்லாக மாறுகிறது. 'சிம்பிள்', 'டெம்பிள்', 'பம்ப்', 'பேங்க்' எல்லாவற்றுக்கும் இதே கதி. ப என்ற ஓரெழுத்து இரண்டு ஒலிக்கும் க என்ற ஓரெழுத்து மூன்று ஒலிக்கும் நிற்பதால், எந்த ஒலி என்று தமிழ் வரி சொல்லாது. வகுப்பில் ஆசிரியை பலகையில் எழுதும்போது அதிரும் ஒலிகளின் கீழ் சிவப்புச் சாக்பீஸால் கோடு போடுகிறார். அந்தக் கோடு கையேட்டில் இல்லை. சேர்பவர்கள் முதல் நாளே சிவப்புப் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு, வகுப்பில் கேட்டபடி அதிரும் எழுத்துகளுக்குத் தாங்களே கோடு போட்டுக்கொள்ளவும். இரண்டு வாரம் கழித்துத் தமிழ் வரிகளைப் பென்சிலால் அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

இந்த இடத்தில் வகுப்பின் கலவை கைகொடுக்கிறது. ஹட்டிகள் எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து வரும் படுகர்களுக்கும், கன்னடம், மலையாளம் பேசுபவர்களுக்கும் அதிரும் ப வேறு, அதிராத ப வேறு என்பது தாய்மொழியிலேயே இருக்கிறது. 'பேட்' என்ற ஒரே தமிழ் வரியில் அடங்கும் கிரிக்கெட் மட்டையையும் எழுதும் அட்டையையும் அவர்கள் தடுமாறாமல் பிரித்துச் சொல்கிறார்கள். தமிழ் மட்டும் பேசுபவரை இவர்களோடு ஜோடி சேர்த்துவிடுகிறார் ஆசிரியை. ஆனால் சொல்லின் கடைசியில் உகரம் சேர்க்கும் பழக்கம் கன்னடத்துக்கும் படுகுக்கும் உண்டு, அதனால் முதல் வாரப் பாடம் எல்லோருக்கும் பொது. உதகையைச் சுற்றிய மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், பேசப்படும் தோடர் மொழியில், ஆங்கிலத்துக்காக நாம் திணறித் திணறிப் பழகும் ஃப ஒலியும், 'திங்க்' என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் பல்லிடை உரசொலியும் இயல்பாகவே இருக்கின்றன. தமிழுக்கு உறவான மொழியிலேயே இந்த ஒலிகள் பழகியிருக்கும்போது, நம் நாக்குக்கு வராது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

நான்காம் வாரம் அசை அழுத்தம். ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் கொடுத்து, அழுத்தம் விழும் அசையில் இழுக்கச் சொல்கிறார்கள். தமிழில் முதல் அசையிலேயே எடை விழும். 'ஹோட்டல்', 'எஸ்டேட்', 'போலீஸ்' என்ற சொற்களில் ஆங்கிலம் இரண்டாம் அசையை அழுத்தும், 'ஃபேக்டரி'யில் முதல் அசையை அழுத்தும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை, 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசை. ரிசப்ஷனிலும் வாடகை பேசும் இடத்திலும் இது காசு விஷயம். 15க்கும் 50க்கும், 13க்கும் 30க்கும் உள்ள வேறுபாடு கடைசி ஒலியைவிட அழுத்தத்தில்தான் காதில் விழுகிறது. 'ஃபிஃப்டீன்' பின்னால் கனக்கும், 'ஃபிஃப்டி' முன்னால் கனக்கும். 215ஆம் அறைச் சாவியைக் கேட்டவருக்கு 250ஆம் அறைச் சாவி போவது இப்படித்தான். இந்தப் பயிற்சிக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கியிருப்பது நல்ல முடிவு.

இதே வாரத்தில் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பாடமாக்கியிருக்கிறார்கள். வகுப்பின் மிக அழகான பகுதி இதுதான். சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், டால்ஃபின்ஸ் நோஸ் மூன்றிலும் உடைமையைக் காட்டும் எஸ் வால் இருக்கிறது. லேம்ப்ஸ் ராக்கில் எழுத்தில் உள்ள பி ஒலிக்கவே கூடாது, 'லேம்ஸ் ராக்' என்பதே சரி. ஆட்டுக்குட்டி என்ற சொல்லிலும், சீப்பு, கட்டைவிரல், மரம் ஏறுதல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களிலும் எம்முக்குப் பின்னால் வரும் கடைசி பி ஊமை. உதகை செயின்ட் ஸ்டீஃபன்ஸ் தேவாலயத்தின் பெயரில் நடுவில் வரும் பி, ஹெச் இரண்டும் சேர்ந்து வ போல ஒலிக்கும். டாக்ஸி ஓட்டுபவர்கள் தினமும் நாலு தடவை சொல்லும் பெயர்கள் இவை, மறக்க வாய்ப்பே இல்லை. தேயிலை ஃபேக்டரிக்காரர்களுக்கும் ஒன்று இருக்கிறது. தேயிலை தயாரிக்கும் சிடிசி முறையின் விரிவு 'க்ரஷ், டேர், கர்ல்'. நடுவில் வருவது கிழித்தல், 'டேர்' என்று ஒலிக்க வேண்டும். அதே எழுத்துக்கூட்டை 'டியர்' என்று வாசித்தால் கண்ணீர். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுவதைப் பார்வையாளர்களுக்கு விளக்கும்போது இந்த ஒரு சொல் மாறினால் அர்த்தமே போய்விடும்.

இலக்கணம் ஐந்தாம் வாரத்தில் தொடங்குகிறது. 'தி' என்ற சொல்லைச் சொல்லித்தரும் விதத்துக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைக்கலாம். தமிழில் 'தி' இல்லை, அதனால் எங்கே போடுவது என்று புரியாது என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். இங்கே இரண்டு தமிழ் வாக்கியத்தை எழுதிப் போடுகிறார்கள். 'கடையில புக் வாங்கினேன்.' 'கடையில அந்த புக்கை வாங்கினேன்.' முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம், ஐ உருபு இல்லை. இரண்டாவதில் கேட்பவருக்கும் எது என்று தெரியும், ஐ உருபு வந்துவிட்டது. உயிரில்லாத பொருளைச் செயப்படுபொருளாகச் சொல்லும்போது, எது என்று தெரிந்ததற்குத்தான் நாம் பெரும்பாலும் ஐ போடுகிறோம். அங்கே ஆங்கிலத்தில் 'தி' போட்டுப் பார்த்தால் பத்துக்கு ஏழெட்டு இடத்தில் சரியாக உட்காரும். பிசகும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். எழுவாயில் ஐ வராது, அங்கே இந்த உபாயம் செல்லாது. 'அவனை', 'டாக்டரை' போல ஆட்களுக்கு எப்போதும் ஐ வரும், அங்கேயும் செல்லாது. கையேட்டில் இந்த இரண்டு விலக்கும் இல்லை, ஆசிரியை வாய்மொழியாகச் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாவட்டத்தின் பெயருக்கு 'தி' உண்டு, 'தி நீல்கிரிஸ்'. மலைத்தொடர் என்பதால் 'தி பழனி ஹில்ஸ்' என்பதும் அப்படியே. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, தொட்டபெட்டா எதற்கும் 'தி' கிடையாது.

அடுத்து 'எனக்கு'. எனக்குத் தெரியும், எனக்குப் புரியுது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ரெண்டு பிள்ளைங்க. இவை அனைத்தும் ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்கும், எதற்கும் 'இங்' வராது: 'ஐ நோ', 'ஐ அண்டர்ஸ்டேண்ட்', 'ஐ லைக்', 'ஐ வான்ட்', 'ஐ ஹேவ்'. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று வரும் தவறுகளை, 'எனக்கு' வரும் இடத்தில் 'இங்' வராது என்ற ஒற்றை வரி பெருமளவு நிறுத்திவிடுகிறது. வலிக்குது, பசிக்குது இரண்டும் விலக்கு. பசிக்கு ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹங்ரி' என்று 'ஆம்' என்பதோடு ஒரு பெயரடைதான் வரும். வலிக்கு 'இட் ஹர்ட்ஸ்', 'இட் இஸ் ஹர்ட்டிங்' இரண்டு வடிவமும் சரி.

காலங்களில் இரண்டு பொறி இருக்கிறது. வகுப்பு ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிட்டது. பிடித்தது 'இருந்தார்'. 'நேத்து மேனேஜர் வந்திருந்தாரு' என்பதை அப்படியே மாற்றி 'மேனேஜர் ஹேட் கம் யெஸ்டர்டே' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹேட்' வர வேண்டுமானால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு பழைய நிகழ்ச்சி தேவை: நான் போவதற்குள் பஸ் கிளம்பியிருந்தது என்பது போல. நேற்று, போன வாரம் என்று நேரம் சொன்னாலே சாதாரண இறந்தகாலம் போதும், 'மேனேஜர் கேம் யெஸ்டர்டே'. இதற்கு இரண்டு வகுப்பு கொடுத்திருக்கிறார்கள், பலனும் தெரிகிறது.

விட்டுவிட்டது 'வருவார்'. தமிழில் வழக்கமாக நடப்பதையும் எதிர்கால வினையால்தான் சொல்கிறோம்: 'அவர் தினமும் எட்டு மணிக்கு வருவார்', 'குன்னூர்ல நவம்பர்ல நல்லா மழை பெய்யும்'. அதனால்தான் பன்னிரண்டாம் வாரத்திலும் 'ஹி வில் கம் டெய்லி', 'இட் வில் ரெய்ன் இன் நவம்பர்' என்றே வருகிறது. வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் நிகழ்காலம்: 'ஹி கம்ஸ்', 'இட் ரெய்ன்ஸ்'. முதல் வாரத்தில் அவ்வளவு பாடுபட்டுப் பழகிய எஸ் வாலைப் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பாடத்திட்டம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நிகழ்கால அட்டவணையை ஆறாம் வாரத்தில் ஒரே நாளில் ஓட்டிவிடுகிறார்கள். அடுத்த பேட்சிலாவது இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டும்.

'இன்', 'ஆன்', 'அட்' வகையறாவுக்கு ஒரு பக்கத்தில் 40 சொல் அட்டவணை. மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வீண். நம் 'இல்' உருபு மூன்றாகப் பிரியும் இடங்களை மட்டும் எடுத்திருக்கலாம். தமிழில் ஏற்கெனவே தெளிவாகப் பிரிந்திருப்பதையும் பயன்படுத்தவில்லை. 'ஆறு மணி வரைக்கும்' என்றால் 'அன்டில் சிக்ஸ்', 'ஆறு மணிக்குள்ள' என்றால் 'பை சிக்ஸ்'. ரூம் காலி செய்யும் நேரம் சொல்லும் ரிசப்ஷன்காரருக்கு இந்த ஒரு ஜோடியே அந்த அட்டவணை முழுவதைவிடப் பயன்படும்.

ஓட்டல், காட்டேஜ் வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று கட்டாயம் சொல்லித்தந்திருக்க வேண்டும். எதிர்மறைக் கேள்விக்குப் பதில். 'வெந்நீர் வரலையா?' என்று கேட்டால் தமிழில் 'ஆமா, வரலை' என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் உண்மை நிலையைத்தான் பார்ப்பார்கள்: இருந்தால் 'யெஸ்', இல்லாவிட்டால் 'நோ'. 'டோன்ட் யூ ஹேவ் ஹாட் வாட்டர்?' என்ற கேள்விக்கு நம் வழக்கப்படி 'யெஸ்' என்றால், வெந்நீர் இருக்கிறது என்று விருந்தினர் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவார். டிசம்பர் குளிரில் அதற்குப் பிறகு வருவது சண்டைதான். 'யெஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், 'நோ, வி டோன்ட்' அல்லது 'யெஸ், வி டூ' என்று வாலோடு சொல்லிப் பழகினால் தப்பு நடக்காது. பத்து ஜோடிக் கேள்வி பதில், அரை மணி நேர வேலை. கையேட்டில் 'அட் தி ஹோட்டல்' என்று நான்கு பக்க உரையாடல் இருக்கிறது, அதில் இது இல்லை.

காதுப் பயிற்சிதான் இந்த வகுப்பின் பெரிய ஓட்டை. 54 மணி நேரத்தில் ஒலிப்பதிவு கேட்பது ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை. மேசை மேல் ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கர். மழை தகரத்தில் விழும் நாளில் பின்வரிசைக்கு எதுவும் கேட்காது. கேட்கும் பதிவுகளும் பாடத்துக்காக மெதுவாகப் படித்தவை. வெளியே யாரும் அப்படிப் பேசுவதில்லை. இயல்பான பேச்சில் குட்டிச் சொற்கள் கரைந்துவிடும். 'ஐ கேன் கம் டுமாரோ' என்பதில் கனம் 'கம்' மேல் விழும், 'கேன்' வெறும் 'க்ன்' ஆகச் சுருங்கும். முடியாது என்று சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்குக் கனம் வரும். நாம் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து 'கேன்' என்று அழுத்தினால், கேட்பவர் காதில் முடியாது என்று விழ வாய்ப்பு அதிகம். பேசுவதிலும் கேட்பதிலும் இதே தடுமாற்றம்.

வகுப்பில் கிடைக்காததை வீட்டில் ஈடுகட்ட ஒரு வழி உண்டு. செய்தியோ பேட்டியோ, ஒரு நிமிடப் பதிவு எடுத்துக்கொள்ளவும். சாதாரண வேகத்தில் அதில் சுமார் 150 சொல் இருக்கும். எழுத்து வடிவமும் கூடவே இருக்க வேண்டும். முதலில் எழுதாமல் முழுவதும் கேட்கவும். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி எழுதவும், ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கேட்க வேண்டாம். புரியாத இடத்தில் கோடு போட்டு விடவும். மூலத்தோடு ஒப்பிட்டு, விட்ட சொற்களைச் சிவப்பில் எழுதவும். முதல் இரண்டு வாரம் சிவப்பில் இருப்பவை பெரும்பாலும் கடினமான சொற்களாக இருக்காது. 'ஆஃப்', 'டு', 'ஹேவ்', 'தி', கடைசி எஸ், கடைசி ஈடி இவையாகத்தான் இருக்கும். கடைசியாக, பதிவோடு சேர்ந்து அதே வேகத்தில் மூன்று தடவை சொல்லவும். 20 நிமிடம் ஆகும். வாரம் ஐந்து நாள் செய்தால் பன்னிரண்டு வாரத்தில் இன்னொரு 20 மணி நேரம் சேர்கிறது. இதைச் செய்யாமல் வகுப்பை மட்டும் நம்பினால், பேச வரும், எதிரில் இருப்பவர் சொல்வது புரியாது.

பேச்சுப் பயிற்சி நன்றாக நடக்கிறது. 14 பேரையும் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தால் 90 நிமிடத்தில் ஆளுக்கு ஆறரை நிமிடம்கூட வராது. இங்கே தினமும் அரை மணி நேரம் ஏழு ஜோடியும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைக்கிறது. அறை சந்தைபோல் இரைகிறது, இருக்கட்டும். பேச வெட்கப்படுபவருக்கு அந்த இரைச்சல்தான் திரை. ஆசிரியை நடுவில் புகுந்து திருத்துவதில்லை. சுற்றி வந்து காதில் விழும் தவறுகளை நோட்டில் குறித்துக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி, எல்லோரையும் திருத்தச் சொல்கிறார். பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும் என்பது தெரிந்தவர். பேச்சில் நாள்தோறும் வரும் 'எஸ்டர்டே ஒன்லி கேம்' போன்ற 'தான்' வாக்கியங்களை அவர் பெரிதுபடுத்துவதில்லை. நம் நாட்டில் யாருக்கும் புரியாமல் போகாது என்பதால் அது நியாயமே. தேர்வு எழுதுபவர்கள் மட்டும் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

தேர்வு என்றதும் ஓர் எச்சரிக்கை. கடைசி இரண்டு வாரத்தை, வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்குப் போகவும் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு, 'ஐஇஎல்டிஎஸ் தயாரிப்பு' என்று அறிவித்து, அதற்குக் கூடுதலாக 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். நர்ஸிங் முடித்தவர்கள் இதைப் பார்த்துத்தான் சேர்கிறார்கள். அந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. கேட்டலிலும் வாசித்தலிலும் 40 கேள்விகள் வீதம். எழுத்தில் 60 நிமிடத்துக்குள் குறைந்தது 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று. பேச்சு 11 முதல் 14 நிமிடம், நடுவில் ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். ஒன்பது மணி நேரத்தில் இதன் வடிவத்தைத்தான் காட்ட முடியும். கேட்டலுக்கே பலவீனமான வகுப்பு, கட்டுரை எழுதவைத்துத் திருத்திக் கொடுக்க நேரமும் இல்லை. அந்த 1,500 ரூபாயைக் கட்ட வேண்டாம். முதல் பத்து வாரத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டு, தேர்வுக்கென்று தனியாக மூன்று மாதமாவது ஒதுக்கவும்.

அம்மாக்களுக்கும் இது பாதிதான். பிள்ளையின் பாடத்தை வாசிக்க எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு வேண்டும், அதற்கு இங்கே ஒரே ஒரு வகுப்பு. 'எக்' என்பது 'யெக்', 'ஓன்லி' என்பது 'வோன்லி' ஆவதை அந்த வகுப்பில் திருத்துகிறார்கள். எல்லாம் 'யெல்லாம்' என்றும் ஒண்ணு 'வொண்ணு' என்றும் பேசுகிறோமே, அதன் தொடர்ச்சிதான் அது. டாக்ஸி, ஓட்டல், கடை, ஃபேக்டரி வேலையில் இருப்பவர்களுக்கும் வேலைக்கு நேர்காணல் போகிறவர்களுக்கும் கொடுத்த காசுக்குத் தகுந்த வகுப்பு.

கையேட்டின் பயிற்சிகளுக்கு விடைப்பக்கம் இல்லை. ஒரு நாள் வராதவர் தானாகச் சரிபார்க்க முடியாது, மலையில் வராத நாள் நிறைய இருக்கும். தவறவிட்ட வகுப்புகளை அடுத்த பேட்சில் காசில்லாமல் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம் என்ற விதி அதற்கு ஓரளவு ஈடு. சேரும்போதே அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளவும். வருடத்துக்கு மூன்று பேட்ச்: ஜனவரி, ஜூன், செப்டம்பர். செப்டம்பர் பேட்சின் பெரும்பகுதி குன்னூரின் வடகிழக்குப் பருவமழையில் போகும். மண்சரிவு, மின்வெட்டு, பனிமூட்டம் மூன்றும் வகுப்பைத் தின்னும். ஜனவரியில் சேர்ந்தால் ஏப்ரல் சீசன் சூடுபிடிப்பதற்குள் முடிந்துவிடும். ஏழரைக்கு வகுப்பு விட்டதும் தூரத்து ஹட்டிகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் மினி பஸ் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளவும். பஸ் முன்னதாகப் போய்விடும் பாதைக்காரர்கள் ஏழேகாலுக்கே எழுந்து போய்விடுகிறார்கள், பலகையில் தவறுகளைத் திருத்தும் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. வகுப்பை ஐந்தரைக்குத் தொடங்கினால் அது தீரும்.